கூடவே வரும் ஒர்க்‌ஷாப்

இமாசலப் பிரதேசத்தில் சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடும் இடம் தண்டி. அங்குள்ள பெட்ரோல் பங்க்கில் நின்ற பலகை வெகு பிரசித்தம்: அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில். மணாலியிலிருந்து லே போகும் டிரைவர்கள் அதில் இன்னொரு எச்சரிக்கையையும் படித்துக்கொள்வார்கள். பக்கத்திலுள்ள கேலாங்கைத் தாண்டிவிட்டால், வழியில் முறியும் ஆக்சிலுக்கு அவர்களேதான் மெக்கானிக்.

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை, ரோதாங் கணவாயின் சேற்றிலிருந்து வண்டிகளைக் காப்பாற்றிவிட்டது. அதன் பிறகும் பாரலாச்சா லாவில் தொடங்கி 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லாங் லா வரை கணவாய்கள் காத்திருக்கின்றன. நடுவே சாலையை அறுத்துக்கொண்டு ஓடும் பனி ஓடைகள்.

ஆக்சில் முறிவது பெரும்பாலும் இந்த ஓடைக் கற்களில்தான். வழுக்கிச் சுழலும் சக்கரத்துக்குத் திடீரென்று பிடி கிடைக்கும்போது, முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டில் இறங்குகிறது. லாரி என்றால் பிழைத்தது. பாரத்தைத் தாங்குவது வெளிக்கூடு. ஷாஃப்ட்டின் வேலை சுழற்றுவது மட்டுமே. ஜாக்கி வைக்காமலேயே நட்டுகளைக் கழற்றி அதை உருவிவிடலாம். ஆனால் உடைந்த மறுபாதி உள்ளேயே தங்கிவிடும். அதைப் பிடித்திழுக்கச் சுருக்குக் கம்பியோ காந்தமோ இல்லையென்றால், புது ஷாஃப்ட் கையில் இருந்தும் பயனில்லை.

பழைய ரக ஜீப்புகளில் நிலைமை மோசம். பலவற்றில் சக்கரத்தைப் பிடித்திருப்பதே ஷாஃப்ட்தான்; அது முறிந்தால் சக்கரமும் கழன்று வரலாம். அதன் பேரிங்கை பிரஸ் மெஷினில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். எனவே விவரமறிந்தவர்கள் ஊரிலேயே பேரிங் ஏற்றிய ஷாஃப்ட்டைக் கொண்டு வருகிறார்கள். கூடவே ஆயில் சீல், யு போல்ட், ஸ்பிரிங் பட்டை, கியர் ஆயில், ஜாக்கி மண்ணில் புதையாமலிருக்க ஒரு மரப்பலகை.

கியர் ஆயில் எதற்கு? சூடேறிய ஆக்சில் சில்லென்ற ஓடையில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் புகுந்துவிடுகிறது. ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறினால் உடனே மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் பேரிங்கும் பல்சக்கரங்களும் பாழ்.

இதற்காக ஒரு கடையையே ஏற்றிக்கொண்டு போனாலும் ஆபத்து. கூடுதல் எடைக்கு முதலில் பலியாவது ஸ்பிரிங் பட்டை. ஆளும் தாங்க வேண்டும்: சுமார் 4,600 மீட்டர் உயரத்திலுள்ள பாங்கில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். நாலு நட்டைத் திருகினாலே மூச்சு வாங்கும்.

அனுபவசாலிகள் ஓடைகளை விடியற்காலையிலேயே கடந்துவிடுகிறார்கள். வெயில் ஏறிப் பனி உருகினால் பிற்பகலில் வெள்ளம் பெருகும். அடியில் உள்ள கல் கண்ணுக்குத் தெரியாது. சீக்கிரம் கிளம்பியவர்களின் ஸ்பேர் ஷாஃப்ட், கட்டிய சாக்கைப் பிரிக்காமலேயே லே போய்ச் சேருகிறது.