திறந்து பார்க்கும் உரிமை

பழைய மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் ஸ்டியரிங் வீலின் இடப்பக்கத்தில் நீண்டிருக்கும் கைபிடி ஒன்று பல வேலைகளைச் செய்யும். மேலே தட்டினால் வலப்பக்கச் சிக்னல், கீழே தட்டினால் இடப்பக்கச் சிக்னல். முன்னே தள்ளினால் தூர வெளிச்சம் விழும், தன்பக்கம் இழுத்தால் ஹெட்லைற் மின்னும். முனையைத் திருகினால் வைப்பர் ஓடும், நுனியை அழுத்தினால் கண்ணாடிக்குத் தண்ணீர் பீச்சும். ஜப்பான் கார்களில் சிக்னல் ஒரு பக்கமும் வைப்பர் மறுபக்கமுமாகப் பிரிந்திருக்கும். பென்ஸ்காரர்கள் இரண்டையும் ஒரே கையில் கொடுத்தார்கள்.

சிக்னலும் வைப்பரும் ஒரே கைபிடியில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தாயும் மகளும் நினைவுக்கு வருவார்கள். மகள் புளோரன்ஸ் லாரன்ஸ், மௌனப்படக் காலத்து நட்சத்திரம். நான் வாழும் ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் ஹமில்டன் நகரில் பிறந்தவர். நடிகர்களின் பெயரைத் திரையில் காட்டாத காலத்தில், ரசிகர்கள் அவரைப் படக் கம்பெனியின் பெயரால் 'பயோகிராஃப் பெண்' என்றே அறிந்திருந்தார்கள். காரைத் தானே ஓட்டுவதிலும் அதன் இயக்கத்தை அறிந்துகொள்வதிலும் பெருவிருப்பம் கொண்டவர். 1914ஆம் ஆண்டளவில், பொத்தானை அழுத்தினால் காரின் பின்பக்கத்தில் உயர்ந்து, திரும்பும் திசையைக் காட்டும் கை ஒன்றை அவர் வடிவமைத்தார். காப்புரிமை எடுக்கவில்லை. தாய் ஷார்லட் பிரிட்ஜ்வுட் 1917இல் மின்சாரத்தால் இயங்கும் வைப்பர் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ரப்பர் பட்டிக்குப் பதிலாக உருளைகளால் கண்ணாடியைத் துடைக்கும் பொறி அது. அதற்கு முன்பே, 1903இல், அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் கையால் இயக்கும் வைப்பருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இந்தப் பெண்களில் எவரும் கார் உற்பத்தியாளர் அல்லர். வண்டியில் ஏறி இறங்கியவர்கள், என்ன குறை என்று கண்ணால் பார்த்தவர்கள், தீர்வைத் தாங்களே தேடியவர்கள்.

கனடாவில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்த இரண்டு பொருள்களும் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு பனிக்காலம் கற்றுக்கொடுத்துவிடும். ரொறன்ரோவை ஊடறுத்துப் போகும் 401 நெடுஞ்சாலை வட அமெரிக்காவிலேயே மிகுந்த நெரிசல் கொண்ட சாலைகளில் ஒன்று. பனி உருகும் நாட்களில் முன்னே போகும் லொறி உப்பும் சேறும் கலந்த தண்ணீரை உங்கள் கண்ணாடிமேல் அள்ளி வீசும். அந்த நேரத்தில் வைப்பர் நின்றால் உங்களுக்கு வீதி தெரியாது. சிக்னல் விழாவிட்டால் நீங்கள் எந்தப் பக்கம் நகரப்போகிறீர்கள் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. அங்கே ஒருவரையொருவர் முன்பின் அறியாத ஆயிரக்கணக்கான மனிதர்கள் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் அருகருகே போகிறார்கள். அவர்களுடைய உயிர் அந்தச் சிறிய மஞ்சள் விளக்கை நம்பியிருக்கிறது.

என்னுடைய கார் மெர்சிடிஸின் டபிள்யூ 124 வகை. 1984இல் வெளிவந்து, தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை தயாரிக்கப்பட்ட வரிசை. பின்னாளில் ஈ கிளாஸ் என்று பெயர் பெற்றது. அதன் வைப்பர் ஓர் அதிசயம். ஒரே ஒரு கை, கண்ணாடியின் மூலைகளை நெருங்கும்போது நீண்டு, நடுவில் வரும்போது சுருங்கி, 86 சதவீதப் பரப்பைத் துடைத்துவிடும். அந்தப் பொறியை மழையில் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்கு மகிழ்ச்சி. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பென்ஸ் என்றால் இன்னும் மதிப்புத்தான். ஆனால் இரண்டாம் மூன்றாம் கையாக வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அதன் விலை வாங்கும் நாளில் தெரிவதில்லை, திருத்தும் நாளில்தான் தெரியும்.

பல ஆண்டுகள் உழைத்த பிறகு என் காரின் கைபிடி தளர்ந்தது. சிக்னல் போட்டால் கையை எடுக்கும்வரைதான் நின்றது. வைப்பர் நினைத்தபோது ஓடி, நினைத்தபோது நின்றது. உள்ளே உள்ள செம்புத் தொடுபுள்ளிகள் தேய்வதும், பிளாஸ்ரிக் நாக்கு முறிவதும் வயதின் வேலை. செய்தவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. விசாரித்த ஓர் இடத்தில், பாகத்தைவிடக் கூலி அதிகமாகும், இந்தப் பழைய காருக்கு அந்தச் செலவு தகுமா என்று யோசியுங்கள் என்றார்கள். அதன்பிறகுதான் எங்கள் பக்கத்துக் கராஜ் அண்ணையிடம் போனேன்.

அவர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. கைபிடியை மேலும் கீழும் மெல்ல அசைத்து, காதைக் கொடுத்துக் கேட்டார்.

"தம்பி, சிக்னல் ரிலே நல்லா அடிக்குது. பல்ப் போனால் இப்படி அடிக்காது, பதறிப் பதறி அடிக்கும். இது சுவிச்தான். சாமானை வாங்கிக்கொண்டு வாரும், சேர்ந்து பூட்டுவம்."

"நானும் செய்யலாமா அண்ணை?"

"உம்மட கார்தானே. நீர் கழட்டும், நான் பக்கத்திலை நிக்கிறன்."

அந்தப் பின்னேரத்தில் நான் கற்றது ஏராளம். முன்சக்கரங்களை நேராக நிறுத்த வேண்டும். பிறகு பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஸ்டியரிங் நடுவில் மடிந்திருக்கும் காற்றுப்பைக்கான மின்சாரம் பற்றரியைக் கழற்றிய பின்பும் சிறிது நேரம் சேமிப்பில் நிற்கும். விபத்தில் சில பத்து மில்லிசெக்கன்களுக்குள் விரிந்து உயிரைக் காக்கிற அந்தப் பை, தவறான நேரத்தில் விரிந்தால் முகத்தை உடைத்துவிடும். வீலின் பின்பக்கமிருந்து நட்சத்திரத் தலையுள்ள இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் பை கையோடு வரும். அதை முகப்பு மேலே பார்க்கும்படி ஒதுக்குப்புறமாக வைக்க வேண்டும், கவிழ்த்து வைக்கக் கூடாது. கவிழ்ந்தபடி வெடித்தால் அது மேலே கிளம்பிப் பாயும் என்று அண்ணை விளக்கினார்.

அடுத்தது நடுவில் உள்ள பெரிய ஆறுமூலைத் திருகாணி. அதைத் தளர்த்தும்போது ஸ்டியரிங் பூட்டின் பலத்தை நம்பக் கூடாது, பூட்டு முறிந்துபோகும். ஒருவர் வீலை இறுகப் பிடிக்க, மற்றவர் திருக வேண்டும். வீலும் தண்டும் எந்த நிலையில் பொருந்தியிருந்தன என்று முன்கூட்டியே ஒரு கோடு போட்டுக்கொள்ளாவிட்டால், திரும்பப் பூட்டியபின் நேர்வீதியில் வீல் சாய்ந்து நிற்கும். வீலைக் கழற்றியதும் சுவிச் கண்முன்னே தெரிந்தது. திருப்பம் முடிந்து வீல் நேராகும்போது சிக்னலை அணைப்பது எது என்று எனக்கு நெடுநாள் வியப்பு. வீலோடு சுழலும் ஒரு மேடு, சுவிச்சிலுள்ள சின்ன நாக்கைத் தட்டிவிடுகிறது, அவ்வளவுதான். என் காரில் அந்த நாக்கின் நுனி முறிந்திருந்தது.

டாஷ்போட்டின் அடிப்பலகையை இறக்கி, சுவிச்சிலிருந்து இறங்கும் கம்பிக் கற்றையை அதன் இணைப்பிலிருந்து விடுவித்து, புதியதை அதே வழியில் ஏற்றினோம். கம்பி எங்கும் நசுங்காமலும், ஸ்டியரிங் தண்டில் உரசாமலும் போகிறதா என்று அண்ணை விளக்கைப் பிடித்துப் பார்த்தார். நடுத் திருகாணியைக் கைப்பலத்துக்கு விடவில்லை. இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பனரை எடுத்து, 80 நியூற்றன் மீற்றர் வந்ததும் நிறுத்தினார். உயிர் தங்கியிருக்கும் இடங்களில் குத்துமதிப்பு கூடாது என்பது அவருடைய சட்டம்.

இந்த அண்ணை தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில். 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், குடாநாட்டின்மேல் பொருளாதாரத் தடை விழுந்தபோது பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப் பாகங்கள் இல்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வாகனங்கள் அவை. பாகம் வாங்க முடியாத ஊரில், பழுதான பாகத்தைத் திறந்து, எது இன்னும் நல்லது, எது போய்விட்டது என்று பிரித்தறிவதே தொழிலாயிற்று. 'முதலில் என்ன பழுது என்று பார்' என்ற ஒழுக்கம் அங்கே பசியோடும் பயத்தோடும் கற்ற பாடம்.

அந்த அறிவோடு கனடா வந்தவர்களை ஒன்ராறியோ உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இந்த மாகாணத்தில் கார் திருத்துவது சான்றிதழ் கட்டாயமான தொழில். 310எஸ் என்ற பிரிவில் தகுதிச் சான்றோ பயிலுநர் பதிவோ இல்லாமல் கூலிக்கு வேலை செய்ய முடியாது. கைகளில் இருபது வருட அறிவு இருந்தாலும், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கேள்விகளுக்கு விடை எழுதித்தான் அதை நிரூபிக்க வேண்டும். பகலில் தொழிற்சாலையில் நின்று, இரவில் அகராதியோடு பாடம் படித்து அந்தத் தேர்வில் தேறியவர்களை எனக்குத் தெரியும். விதியின் கடுமையை நான் எதிர்க்கவில்லை. காற்றுப்பையையும் பிரேக்கையும் தொடுகிறவர் தன் தகுதியைக் காட்டத்தான் வேண்டும். அந்தத் தடையைத் தாண்டி வந்தவர்களை நம் சமூகம் போதுமான அளவு மதித்ததா என்பதுதான் என் கவலை.

இப்போது அவர்களுக்கு முன்னால் இன்னொரு தடை. என் காரின் சுவிச்சைக் கழற்றிப் புதியதைப் பூட்டினால் அது வேலை செய்யும். இன்றைய பல உயர்விலைக் கார்களில் அதே கைபிடி ஒரு கணினிப் பெட்டியின் அங்கம். கைபிடியைத் தட்டினால் அது விளக்குக்கு நேரே மின்சாரம் அனுப்பாது. காரின் உள்வலையமைப்பில் ஒரு செய்தியை அனுப்பும். புதிய பெட்டியைப் பூட்டியபின், 'இது என்னுடையதுதான்' என்று காரின் மூளைக்கு மென்பொருள் மூலம் அறிவிக்கும்வரை சிக்னல் விழாமல் போகலாம். அந்த மென்பொருளின் சாவி உற்பத்தியாளரிடம் இருக்கிறது. திருகாணியைக் கழற்றத் தெரிந்த கை, சாவியில்லாத கதவின் முன்னால் நிற்கிறது.

கனடாவில் இதற்கு எதிராக மெல்ல மெல்ல வழி திறக்கிறது. 2009இல் உருவான தன்னார்வ உடன்படிக்கை ஒன்று, பழுதுபார்க்கும் தகவல்களைச் சுயாதீனக் கராஜ்களுக்கும் கொடுக்கக் கார் உற்பத்தியாளரை இணங்க வைத்தது. 2024 நவம்பரில் சி-244 என்ற மசோதா சட்டமாகி, பழுது கண்டறியவும் பராமரிக்கவும் திருத்தவும் டிஜிற்றல் பூட்டைத் திறப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று சொன்னது. ஆனால் கருவியையும் தகவலையும் கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தவில்லை. கியூபெக் மாகாணம் 2023இல் ஒரு படி மேலே போய், திருத்துவதற்கான பாகங்களும் தகவல்களும் கிடைக்கவேண்டும் என்று சட்டம் இயற்றியது. ஒன்ராறியோவும் அந்த வழியில் போக வேண்டும்.

இது கார் வைத்திருப்பவரின் சட்டைப்பையைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. அகதியாக வந்தவர் காணி கொண்டுவரவில்லை, பணம் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது கையறிவு. ஸ்காபரோவில் சிறிய கராஜ்கள் குடும்பங்களை நிமிர்த்தி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பியது அந்த அறிவின் பலத்தில்தான். பொருள்களைத் திறக்க முடியாதபடி பூட்டிவைக்கும் உலகத்தில் முதலில் வேலை இழப்பவர்கள் அவர்கள்தான்.

ஆகவே இரண்டு காரியங்களை நாம் செய்ய வேண்டும். தேர்தல் காலத்தில் வீட்டுக்கதவைத் தட்டும் மாகாணசபை வேட்பாளரிடம், திருத்தும் உரிமைக்கு உங்கள் கட்சி என்ன செய்யும் என்று கேட்போம். அத்தோடு, கார் திருத்தப் போகிறேன் என்று சொல்லும் மகளையோ மகனையோ கண்டு முகம் சுளிக்கும் வழக்கத்தை நம் வீடுகளில் நிறுத்துவோம். மருத்துவரும் பொறியியலாளரும் நமக்குத் தேவைதான். 401இல் இன்று மாலை பாதுகாப்பாக வீடு திரும்ப, ஒரு சுவிச்சைச் சரியாகப் பூட்டத் தெரிந்தவரும் அதே அளவு தேவை.