ஆடாமல் இருந்தால் ஒட்டிக்கொள்ளும்

ஒடிந்த பவளக் கிளை உடனே சாவதில்லை. புயலில் முறிந்து விழும் கிளை, விழுந்த இடத்திலேயே பாறையைப் பற்றிக்கொண்டு புதிய பவளமாக வளர்வது கடலில் காலங்காலமாக நடப்பது. அதற்கு ஒரே நிபந்தனை, கிளை உருளக் கூடாது. அலை இழுக்கும்போதெல்லாம் புரண்டுகொண்டிருந்தால் அதன்மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய உயிர்த்தசை தேய்ந்துபோகும். தேய்ந்த இடத்தில் பாசி ஏறும். கடைசியில் வெறும் சுண்ணாம்புக் குச்சிதான் மிஞ்சும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியை ஒட்டிய தீவுப் பகுதியில் நான் பார்த்துவந்த வேலை முழுவதும் இந்த நிபந்தனையைச் சுற்றியே நடக்கிறது. பவளத் துண்டை வெட்டியெடுத்து, கான்கிரீட் சட்டத்தில் கட்டி, அது தானாகப் பிடித்துக்கொள்ளும்வரை ஆடாமல் வைத்திருக்க வேண்டும்.

வாடைக்காற்று தணிந்து தண்ணீர் தெளியும் மாசி மாதம் இதற்குத் தோதான காலம் என்றார்கள். கச்சான் காற்று எழுந்துவிட்டால் அடிமண் கிளம்பிக் கடல் கலங்கிவிடும்; கோடை முற்றிவிட்டால் வெட்டுக்காயத்தோடு இருக்கும் பவளம் சூட்டைத் தாங்காது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி அங்கே போக முடியாது என்பதால் ஆய்வுக் குழுவின் படகிலேயே நானும் ஏறிக்கொண்டேன். இரண்டு ஆய்வாளர்கள், படகோட்டி, இரண்டு முக்குளிப்பவர்கள். அவர்களில் மூத்தவர் தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரர், இளவயதில் சங்கு குளித்துப் பழகியவர். குழுவில் எல்லோருக்கும் அவர் 'மாமா'. படகு நின்றதும் கருவி எதையும் பார்க்காமல் தண்ணீரில் கையை விட்டு, "நீவாடு கிழக்க இழுக்கு. கொஞ்சம் மேக்க தள்ளிப் போடு நங்கூரத்த" என்றார். நீவாடு என்பது நீரோட்டம். நங்கூரம் மணலில் விழ வேண்டும், பவளப் பாரின்மேல் விழுந்துவிடக் கூடாது. அவர் சொல்லாமல் படகோட்டி கயிற்றை விடுவதில்லை.

இரண்டு மூன்று ஆள் ஆழம்தான். நான் முகமூடியும் மூச்சுக்குழலுமாக மேலே மிதந்தபடி பார்த்தேன். முதல் வேலை வெட்டுவது. நல்ல நிறத்தோடு நோயில்லாமல் இருக்கும் தாய்ப் பவளத்தைத் தேர்ந்தெடுத்து, கட்டிங் பிளேயரால் விரல் நீளத்துக்குக் கிளை நறுக்குகிறார்கள். ஒரே பவளத்தில் பத்தில் ஒரு பங்குக்குமேல் எடுப்பதில்லை; ஒரு பக்கமாக மொட்டையடிப்பதுமில்லை. அக்ரோபோரா என்னும் கிளைப் பவள வகையின் நுனிகளில் வெளிறிய நிறத்தில் வளரும் முனை இருக்கும். அங்கே விரல் படக் கூடாது. வெட்டுவாயை ஒட்டிய அடிப்பகுதியை மட்டும் பிடிக்க வேண்டும். பிடித்ததுமே பவளம் கோழை கக்குகிறது, தண்ணீரில் நூல்நூலாக இழைகிறது. அது பவளத்தின் தற்காப்பு. ஆனால் அளவுக்குமீறிக் கக்கினால் துண்டு சோர்ந்துவிடும். அதனால் எடுத்த துண்டைத் துளையுள்ள பிளாஸ்டிக் கூடையில் ஒன்றன்மேல் ஒன்று உரசாமல் அடுக்கி, தண்ணீருக்கு அடியிலேயே நகர்த்திக்கொண்டு போகிறார்கள். படகில் ஏற்ற நேர்ந்தால் தொட்டியில் கடல்நீர், மேலே நனைத்த சாக்கு.

பிறகு கட்டுவது. தொழிலின் சாரம் முழுவதும் இதில்தான். கான்கிரீட் சட்டங்களைக் கரையில் வார்த்து, புதுச் சிமென்டின் காரம் போகும்படி ஊறவைத்து, முன்கூட்டியே கடலுக்குள் இறக்கி வைத்திருந்தார்கள். சட்டத்தின்மேல் பொருந்தும் சின்னப் பலகைகளில்தான் துண்டுகளைக் கட்டுகிறார்கள். முதலில் கம்பி பிரஷால் பலகையில் கிளை உட்காரும் இடத்தைத் தேய்க்கிறார்கள். வழவழப்பான பாசி போய்ச் சொரசொரப்பான முகம் தெரிந்தால்தான் பவளத்தின் தசை பரவ இடம் கிடைக்கும். துண்டைப் பலகையோடு நன்றாகப் படியவைத்து, கேபிள் டையைக் குறுக்கும் மறுக்குமாக இரண்டு இடத்தில் போட்டு இழுக்கிறார்கள். இழுக்கும் அளவு கையில்தான் இருக்கிறது. அதிகம் இழுத்தால் பட்டை தசையை அறுக்கும். தளர்ந்தால் துண்டு ஆடும். கட்டியதும் கிளையின் நுனிக்குக் கீழே இரண்டு விரலை வைத்து மெல்ல அசைத்துப் பார்க்கிறார் மாமா. மயிரிழை அசைந்தாலும் அறுத்துவிட்டு மறுபடி கட்டுகிறார். ஒட்டு மாங்கன்று கட்டுகிற தோட்டக்காரரின் கை போன்றது அந்தக் கை. இரண்டு உயிர்ப்பரப்பும் விலகாமல் இருக்கப் பார்த்துக்கொள்கிறது, மீதியைச் செடி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறது.

மீதியைப் பவளம் பார்த்துக்கொள்ளும் விதம் வியப்பானது. வெட்டுவாயைச் சுற்றிய தசை விளிம்பு, கான்கிரீட்டின்மேல் மெல்லிய தோலாகப் பரவுகிறது. பரவிய இடத்தில் தனக்கடியில் கால்சியம் கார்பனேட்டைப் படியவைக்கிறது. மான்கொம்புபோல் கிளைக்கும் வகைகளுக்கு இது சில வாரங்களில் தொடங்கிவிடும். நாள் செல்லச் செல்ல கேபிள் டையையும் சேர்த்து மூடிவிடும். மனிதர் போட்ட கட்டு இடைக்காலத்துக்கு மட்டுமே. நிரந்தரமான பூச்சைப் பவளமே பூசிக்கொள்கிறது. கடலில் பிளாஸ்டிக்கைக் கட்டுவது எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. கட்டி முடித்த பட்டைகளின் வாலை ஒட்ட நறுக்கி, ஒன்றுகூட விடாமல் இடுப்புப் பையில் சேர்த்துக்கொண்டு மேலே வந்ததைப் பார்த்தபிறகு அந்த உறுத்தல் குறைந்தது.

உருண்டையாக வளரும் போரைட்டஸ் போன்றவற்றைக் கட்டுவது கடினம். உளியால் பெயர்த்த துண்டில் கட்டுப் பிடிக்க இடமில்லை. அதற்கு எபாக்சி மாவு. இரண்டு நிற மாவையும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, துண்டின் அடியில் அப்பி, பாறைமேல் அழுத்தி வைக்கிறார்கள். தண்ணீருக்குள்ளேயே அது இறுகிவிடும். வெளிநாடுகளில் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். துண்டின் அடியில் கூழ்வடிவ சூப்பர் க்ளூ, அதற்குக் கீழே எபாக்சி மாவு, பாறையில் படும் பக்கம் மறுபடி க்ளூ. ஈரம் பட்டதும் க்ளூ பிடித்துவிடும்; மாவு பாறையின் மேடு பள்ளத்தை நிரப்பும். தொட்டியில் மோட்டார் தள்ளும் நீரோட்டத்துக்கு அது போதும். இங்கே கச்சான் காற்றில் எழும் அலைக்கு வெறும் க்ளூ நிற்காது, உடையும் தன்மை கொண்டது. இந்தியாவில் பவளத்தை வீட்டில் வளர்க்கும் பேச்சுக்கே இடமில்லை. 2001இல் பாறைகட்டும் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குள்ள பாதுகாப்பு இந்தச் சின்னக் கிளைக்கும் உண்டு.

அந்தப் பாதுகாப்பு வருவதற்குமுன் இந்தக் கடலில் நடந்ததை மாமா நேரில் கண்டவர். அவருடைய அப்பா கல்லெடுக்கப் போனவர். சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டுமானத்துக்கும் கடப்பாரையால் பெயர்த்து வள்ளம் வள்ளமாகப் பவளக் கல் கரையேறியது. "அன்னிக்கு அதுதான் சோறு தம்பி. கடல்ல கல்லு தீரும்னு யாரு நெனச்சா?" என்றார். அதில் குற்றவுணர்வும் இல்லை, சாக்குச் சொல்லலும் இல்லை. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. அலையைத் தடுத்த பார் போனதும் தீவின் மணல் கரைந்துவிட்டது. வான் தீவும் அப்படிச் சுருங்கிக்கொண்டிருந்ததால்தான் 2015 முதல் அதன் கடல்பக்கத்தில் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள்.

கல்லெடுத்த இடத்தில் மிஞ்சியது சல்லிதான். மேலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் உடைந்த குச்சிகள் பரந்து கிடக்கின்றன. அலை வரும்போது மொத்தப் பரப்பும் லேசாக இடம் மாறுகிறது. தண்ணீரில் மிதந்துவரும் பவளக் குஞ்சுகள் அதன்மேல் உட்கார்ந்தாலும் அடுத்த அலையில் புரண்டு நசுங்கிவிடும். அந்த இடத்துக்குக் காலம் மட்டும் போதாது, ஆடாத அடித்தளம் வேண்டும். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் இந்த வளைகுடாவில் பவள மறுநடவைச் செய்துவருவது இதனால்தான். பவளத்தை நடுவது வெறும் விளம்பர வேலை என்று சொல்பவர்கள் அந்தச் சல்லிப் பரப்பை ஒருமுறை பார்க்க வேண்டும். எங்கே அப்பா கல்லெடுத்தார் என்பது மாமாவுக்குத் தெரிந்திருப்பதால் சட்டங்களை எங்கே இறக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிகிறது. அறிக்கைகளில் இந்த அறிவுக்குப் பெயரும் கூலியும் சரியாக இடம்பெற வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கட்டியதோடு வேலை முடிவதில்லை. சட்டத்தில் ஏறும் பாசியைத் துண்டில் படாமல் துடைக்க வேண்டும். தசையைத் தின்னும் சின்ன நத்தைகளைக் கையால் பொறுக்க வேண்டும். எண் எழுதிய பலகைகளைப் படமெடுத்து, வெர்னியரால் அளந்து குறிக்கிறார் இளைய ஆய்வாளர். செத்த துண்டையும் அதே கவனத்தோடு பதிகிறார்.

கட்டால் தீராத ஒன்று சூடு. 2010இலும் 2016இலும் கோடையில் கடல்நீர் சூடேறி இந்த வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன. தசைக்குள் குடியிருந்து உணவு தரும் நுண்பாசி வெளியேறிவிட்டால் பவளம் பட்டினியில் கிடக்கும். சூடு நீடித்தால் சாகும். வேகமாக வளர்ந்து கட்டுக்கு எளிதாக வசப்படும் அக்ரோபோராவும் மான்டிபோராவும்தான் முதலில் அடிபடுகின்றன. மெதுவாக வளரும் உருண்டை வகைகள் கொஞ்சம் தாங்குகின்றன. எபாக்சி மாவு பிசைந்து, அரை நாளைச் செலவழித்து, வளர்ச்சி கண்ணுக்கே தெரியாத போரைட்டஸ் துண்டுகளையும் அவர்கள் ஏன் பதிக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. வேகத்தை மட்டும் பார்த்து நட்டால் அடுத்த வெக்கையில் மொத்தமும் போய்விடும்.

படகு திரும்புமுன் பழைய சட்டங்கள் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். கான்கிரீட்டே தெரியவில்லை. கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, நடுவில் குட்டி மீன்கள் குடியேறியிருந்தன. கேபிள் டை எங்கே என்று தேடினேன், மாமா ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார், பவளத்தின்மேல் மெல்லிய தடிப்பு மட்டும் இருந்தது. அடுத்த நடவுக்கு இயற்கைப் பாரிலிருந்து வெட்டுவதைக் குறைத்து, இந்தச் சட்டங்களில் வளர்ந்த கிளைகளையே நறுக்குவது என்று தீர்மானித்திருக்கிறார்கள். சூட்டைத் தாங்கி நின்றவை எவை என்று பதிவேட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார் ஆய்வாளர்.