எவ்விடம் என வினவும் இடம்

முன்பின் அறியாத ஒருவரோடு பேசத் தொடங்குதல் எளிது. எங்கே தொடங்கலாம், எங்கே தொடங்கலாகாது என அறிதலே அரிது. திருக்குறட் பொருட்பாலிற் குறிப்பறிதல் 71ஆம் அதிகாரமாகவும் அவையறிதல் 72ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலில் எதிரில் உள்ளவரின் முகத்தைப் படித்தல் வேண்டும். பின்னர் நிற்கும் இடத்தை அறிதல் வேண்டும். சொல் அவற்றின் பின்னரே. அமைச்சருக்கு வகுத்த இவ்வொழுங்கு புகையிரதத்தில் எதிர் இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

நம் முன்னோர் இதனை ஏட்டில் மட்டுமன்றி வீட்டு வாயிலிலும் எழுதிவைத்தனர். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிற் சங்கடப்படலை என்றோர் அமைப்பு இருந்தது. வேலியின் நடுவே கூரையிட்ட வாயில். வழிப்போக்கர் அமர்ந்து களைப்பாறுதற்குத் திண்ணை. சில இடங்களில் தண்ணீர்ப் பானையும் உண்டு. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடமோ தெருவின் இருமருங்கும் திண்ணை அமைத்துத் தெருவுக்கே கூரையிட்டது. இவ்விடங்களில் அமர்ந்தவர் வீட்டினுள்ளும் அல்லர்; முற்றிலும் வெளியிலும் அல்லர். பேச விரும்பின் பேசலாம். விரும்பாவிடின் எழுந்து நடக்கலாம். வழி எப்பொழுதும் திறந்தே கிடந்தது. எனினும், அத்திண்ணைகள் எல்லாச் சாதியாரையும் ஒரே முகத்தோடு வரவேற்றன என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

இங்குதான் நம்மவரின் முதற் கேள்வியைச் சற்று ஆராய வேண்டியுள்ளது. “எவ்விடம்?” என்பர். ஊரைச் சொன்னதும் ஊரில் எந்தப் பக்கம் என்பர். அதனையும் சொன்னதும் “ஆற்றை பிள்ளை?” என்பர். மூன்றாவது விடையோடு கேட்டவருக்குச் சாதி துலங்கிவிடும். கேட்பவர் அன்பினாற் கேட்டிருக்கலாம். ஆயினும் விடை சொல்பவர் நிறுவையிற் கிடப்பதாகவே உணர்வார். போர்க்காலத்தில் இதே வினா வேறு வாய்களிலிருந்து வந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடி ஊர்ப்பெயரைச் சொன்ன தலைமுறைக்கு, அது உரையாடலின் தொடக்கமாக இருக்கவில்லை. விடை சொல்லாதிருக்கும் உரிமை இல்லாத இடத்தில் வினா விசாரணையாகிவிடுகின்றது.

1990இல் நின்றுபோன யாழ்ப்பாணத்துப் புகையிரத சேவை 2014 ஒக்ரோபரில் மீண்டும் தொடங்கியது. அவ்வழியாகவே பொல்காவலை வரை வந்து, அங்கு வண்டி மாறிப் பேராதனைக்கு வருவது என் வழக்கம். அவ்வாறான பயணமொன்றில் எதிரே அமர்ந்திருந்த முதிய அம்மா ஒருவர், “கன தூரமோ, பிள்ளை?” என்று மட்டும் கேட்டார். புறப்பட்டவரை ‘எங்கே’ என்று கேட்பது சகுனப் பிழை என்பது நம்மவர் நம்பிக்கை. ஆதலாற் ‘தூரமோ’ என்று கேட்கும் பழக்கம் உண்டு. அந்நம்பிக்கை ஒருபுறம் இருக்க, அவ்வினாவின் நயம் வியக்கத்தக்கது. “ஓம்” என்றால் விடையாகிவிடும். எதனையும் வெளியிட வேண்டியதில்லை. நானும் “ஓம் அம்மா” என்றேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளிநொச்சி கடந்தபின் பனையோலைப் பெட்டியைத் திறந்து பனங்கிழங்கொன்றை நீட்டினார். அதன்பின் நானாகவே என் ஊரைச் சொன்னேன். “நீங்கள் ஏன் அம்மா முதலிலேயே கேட்கவில்லை?” என்றேன்.

“முந்தியெண்டால் ஊரைத்தான் முதல் கேப்பம், பிள்ளை. பிறகு துவக்கோடை நிண்டவை அதைக் கேக்கத் துவங்கினாப் போலை எங்கடை வாயிலை அது வாறேல்லை” என்றார்.

வவுனியாவில் அவர் இறங்கிய பின்னரும் அக்கூற்று என்னோடு பயணம் செய்தது. பேச்சுக்கு ஏற்ற இடம் எது என்பதற்கு ஓர் அளவுகோலை நான் அதிலிருந்தே பெற்றேன். கேட்கப்படுபவர் தமக்கு எவ்வித இழப்பும் இன்றி விடை மறுக்கவோ விலகிச் செல்லவோ இயலுமா? இயலுமாயின் அது தக்க இடம். இதனை வைத்து நோக்குமிடத்துப் பல ஐயங்கள் தெளியும். பேருந்தில் யன்னலோரத்தில் அமர்ந்த மாணவிக்கு ஒருபுறம் தகரச் சுவர், மறுபுறம் கேள்வி கேட்கும் ஆடவர். எழுந்து செல்ல அவரையே கடக்க வேண்டும். அங்கு அவர் காட்டும் புன்னகை சம்மதமன்று, பெரும்பாலும் தற்காப்பே. புடைவைக் கடையில் நிற்கும் பணிப்பெண்ணும் அவ்வாறே. வாடிக்கையாளருக்கு முகங்கோணாதிருத்தல் அவள் தொழில். மருத்துவமனை விறாந்தையிற் காத்திருப்போரிடம் “யாருக்கு என்ன வருத்தம்?” என்று கேட்பதினும், அவர் பையைச் சற்றுப் பார்த்துக்கொள்வதாகச் சொல்வது மேலானது. அவர் விரும்பின் வருத்தத்தைத் தாமே சொல்வார்.

ஆயின், பேசாதிருத்தலே பாதுகாப்பு என்ற முடிவுக்கு வருதலும் தவறாகும். நம் பெற்றோரிற் பலர் அந்நியரிடம் வாய் திறவாமையைப் போர்க்காலத்தில் உயிர்காக்கும் பாடமாகக் கற்றனர். போர் 2009இல் முடிந்தும் அப்பாடம் நம் வீடுகளில் இன்னும் ஒப்புவிக்கப்படுகின்றது. யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலையகத்தார், முஸ்லிம்கள், சிங்களவர் யாவரும் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்ந்தும், ஆண்டுக்கணக்கிற் பெயர் அறியாதே பிரிந்துவிடுதல் அதன் விளைவுகளுள் ஒன்று. “கம கொஹேத?” என்னும் சிங்கள வினாவும் நம் “எவ்விடம்?” என்பதன் உடன்பிறப்பே. அதனைக் கேட்பவர் பெரும்பாலும் நட்பையே நாடுகின்றார். எனினும் கேட்கப்படுபவரின் செவியில் வேறொரு காலத்தின் ஒலியும் கலந்துவிடக்கூடும் என்பதை அவரும் அறிந்திருத்தல் நன்று.

எனவே வினாவை விடவேண்டியதில்லை. வினாவின் முறையை மாற்றினாற் போதும். சிற்றுண்டிச்சாலை வரிசை, மழைக்கு ஒதுங்கிய மரத்தடி, தாமதித்த வண்டிக்காகக் காத்திருக்கும் மேடை ஆகியன இருவரும் சமமாக நிற்கும் இடங்கள். அங்கு நம் ஊரை நாமே முதலிற் சொல்லித் தொடங்கலாம். அவர் தம் ஊரைச் சொல்வாராயின் மகிழலாம். சொல்லாராயின் மழையைப் பற்றிப் பேசலாம்.