பூச்சிக்குப் பின்னே வரும் பூச்சி

மார்கழிப் பனி இறங்கியதும் எங்கள் தெருவில் மாடிக்கு மாடி ஒரே கேள்விதான் கேட்கும். "ஏனுங்க்கா, அவரையில பேன் புடிச்சுக் கெடக்குது. என்னத்த அடிக்கறதுங்க?" கேட்பவர்கள் யாரும் கடை மருந்தை வாங்கி அடிப்பவர்கள் இல்லை. விஷம் படாத காயைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் தொட்டி வாங்கி, தென்னைநார்க் கழிவை ஊறவைத்து, மண்ணைப் படியேற்றி மாடியில் தோட்டம் போட்டவர்கள். கோவையிலும் சென்னையிலும் 2013 வாக்கில் அரசு மானிய விலையில் மாடித்தோட்டப் பைகள் கொடுக்கத் தொடங்கியபோது விதை ஊன்றியவர்கள் பலர் இன்றும் விடாமல் செய்கிறார்கள். ஆனாலும் இலைக்கு அடியில் கறுப்பாக எதையாவது கண்டுவிட்டால் கை தன்னால் தெளிப்பானுக்குப் போகிறது. அதற்குள் இருப்பது வேப்பெண்ணெயாக, இஞ்சி பூண்டுக் கரைசலாக, புளித்த மோராக மாறியிருக்கிறது. அடிக்கும் அவசரம் மாறவில்லை.

அந்தக் கேள்வியை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லித்தான் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

அவரையில் வரும் அந்தக் கறுப்புப் பேன்தான் அசுவினி. பெண் அசுவினிக்கு ஆண் துணை தேவையில்லை, முட்டையும் தேவையில்லை. குட்டியாகவே ஈன்றுகொண்டு போகும். அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் ஈனத் தொடங்கிவிடும். திங்கட்கிழமை நாலைந்தாக இருந்தது அடுத்த வாரம் கொடி நுனி முழுக்க அப்பிக்கொண்டிருப்பது இதனால்தான். இதைத் தின்ன வருகிற பொறிவண்டுக்கு அந்த வேகம் கிடையாது. அசுவினிக் கூட்டம் ஓரளவு பெருகிய பிறகுதான் தாய்வண்டு தேடி வந்து முட்டையிடும். முட்டை பொரிய மூன்று நான்கு நாள். புழு வளர ஏறத்தாழ இரண்டு வாரம். பூச்சி முன்னே வரும், அதைத் தின்னும் பூச்சி பின்னே வரும். இரண்டுக்கும் நடுவே உள்ள இந்த நாட்களில் செடி பார்ப்பதற்குப் பரிதாபமாக இருக்கும். நாம் பதறிக்கொண்டு தெளிப்பதும் சரியாக அந்த நாட்களில்தான். வந்து இறங்கிய தாய்வண்டுக்கு அப்போது இரையும் இல்லை, இருக்க இடமும் இல்லை. அது போய்விடும். தப்பிப் பிழைத்த பத்து அசுவினி மறுபடி ஈனத் தொடங்கும். அடுத்த வாரமும் அடிக்க வேண்டி வரும். இப்படித் தை முடியும்வரை அடித்துக்கொண்டே இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பார்க்கத் தெரிந்துகொள்வதுதான் இதில் பெரும்பாதி வேலை. சிவப்பு முதுகில் கறுப்புப் பொறி வைத்த வண்டு எல்லோருக்கும் தெரியும். குழந்தைகள் உள்ளங்கையில் வைத்து விளையாடுவார்கள். அதன் புழு யாருக்கும் தெரிவதில்லை. கருத்த உடம்பு, மஞ்சள் திட்டு, ஆறு கால், முதலைக் குஞ்சு போன்ற தோற்றம். பார்த்த மாத்திரத்தில் நசுக்கத் தோன்றும் உருவம். அசுவினியை வண்டைவிட அசுர வேகத்தில் தின்பது இந்தப் புழு. அதே போல, இலையில் மயிரிழை போன்ற காம்பின் நுனியில் ஒவ்வொன்றாக நிற்கும் வெள்ளை முட்டைகள் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையவை. அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே காலில்லாமல் ஊர்ந்து ஒவ்வொன்றாகப் பிடித்து உறிஞ்சும் பச்சைப் புழு, அந்தரத்தில் நின்று பறக்கும் ஓர் ஈயின் குழந்தை. சில அசுவினிகள் அசையாமல், உப்பி, பழுப்புக் காகித நிறமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் உள்ளே சின்னஞ்சிறு குளவியின் குஞ்சு வளர்கிறது. முதுகில் வட்டமாக ஓட்டை தெரிந்தால் குளவி வெளியே போய்விட்டது என்று பொருள். இந்தப் பழுப்பு அசுவினி கண்ணில் பட்ட அன்று நான் நிம்மதியாகத் தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டு இறங்கிவிடுவேன்.

பொறிவண்டு இனத்திலேயே கத்தரிக்குப் பகையானதும் ஒன்று உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். செம்பு நிறம், மினுமினுப்பு இல்லாத மங்கல் முதுகு, அதில் பன்னிரண்டு அல்லது இருபத்தெட்டுப் புள்ளி. அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். இலையின் பச்சையை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பை விட்டுவிடுவதால் இலை சல்லடையாகிக் காய்ந்துவிடும். இதைக் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டியதுதான். பத்துத் தொட்டிக்கு அது ஐந்து நிமிட வேலை. இந்த அளவுக்கு எந்தக் கரைசலும் வேலை செய்யாது.

அசுவினியும் மாவுப்பூச்சியும் தொலையவே மாட்டேன் என்றால் எறும்பைப் பாருங்கள். இரண்டும் கழிக்கும் இனிப்பான திரவத்துக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கின்றன, பொறிவண்டை விரட்டுகின்றன. எறும்பின் வழியை அடைத்தால் காவல் போய்விடும். தொட்டியைத் தாங்கியின் மேல் வைத்து, தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தலாம். பந்தல் காலில் விளக்கெண்ணெய் தோய்த்த துணியைச் சுற்றலாம். கொடியும் சுவரும் எங்கும் தொட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு இலை சுவரில் உரசினாலும் எறும்புக்கு அது பாலம்.

இந்தப் பொறுமை நம்மைப் போல நாலு தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சொல்கிற பேச்சில்லை. கொங்கு நாடே அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. ஓரிரு வருடத்தில் பப்பாளி, குச்சிக்கிழங்கு, பட்டுப்புழுவுக்கான மல்பெரி, பருத்தி என்று எல்லாவற்றிலும் ஏறியது. வீட்டு வாசல் செம்பருத்திகூட வெள்ளை பூத்து நின்றது. எந்த மருந்தை எத்தனை முறை அடித்தாலும் அதன் மேலிருந்த மெழுகுப் பூச்சைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை. மல்பெரியில் அடித்தால் பட்டுப்புழு செத்தது. பயிரையே வெட்டி எரித்தவர்கள் உண்டு. அந்தப் பூச்சியின் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே அது ஒரு பெரிய தொல்லையாக இருந்ததில்லை, அதைத் தின்கிறவையும் அங்கேயே இருந்தன. இங்கே அது மட்டும் தனியாக வந்து சேர்ந்தது.

2010-இல் பெங்களூரிலுள்ள மத்திய அரசின் பூச்சியியல் பணியகம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்தது. அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் நம் ஊரில் நன்றாக வேர் பிடித்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இராது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி ஊர் ஊராக விட்டது. குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்து தின்று வெளியேறும். அடுத்த வருடத்துக்குள் தோட்டங்களில் வெள்ளை மறைந்தது. பூச்சி அடியோடு அழிந்துவிடவில்லை. இன்றும் ஏதாவது ஒரு பப்பாளி இலையடியில் கொஞ்சம் இருக்கும், அதைத் தேடிக் குளவியும் இருக்கும். இரண்டும் இருக்கிறவரை நமக்கு வேலை இல்லை. 2016-இல் பொள்ளாச்சித் தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கரும்பூசணம் படர்ந்தபோதும் பல்கலைக்கழகம் சொன்னது அதையேதான்: ரசாயனம் அடிக்காதீர்கள், என்கார்சியா என்ற ஒட்டுண்ணி அங்கேயே இருக்கிறது, அது உள்ள ஓலைத் துண்டுகளை இல்லாத மரங்களில் கொண்டுபோய் வையுங்கள்.

மாவுப்பூச்சி பற்றிப் பேசும்போது இன்னொன்று. மாவுப்பூச்சிக்கு நடுவே அதைப் போலவே வெள்ளை மெழுகு இழைகளோடு, ஆனால் கொஞ்சம் பெரியதாக, வேகமாக ஓடும் புழு ஒன்றைச் சில சமயம் பார்க்கலாம். அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. 1898-இல் காபித் தோட்டச் செதில் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, வந்த வேலை அவ்வளவாக நடக்காமல் போய், மாவுப்பூச்சிக்குக் காலனாக இங்கேயே தங்கிவிட்ட வண்டு. அதையும் மாவுப்பூச்சி என்று எண்ணிப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கொல்கிறார்கள் என்பதுதான் வருத்தம். தொட்டால் அசையாமல் கிடப்பது பூச்சி, ஓடுவது நண்பன் என்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வேம்பை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1962-இல் டெல்லியில் பாலைவன வெட்டுக்கிளிப் படை இறங்கியபோது, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். பிரதான் என்ற பூச்சியியலாளர் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரில் வெட்டுக்கிளிகள் உட்கார்ந்தும் வாய் வைக்காமல் போனதைக் காட்டினார். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுக்கும், தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். அடித்தவுடன் பூச்சி செத்து விழாது. மறுநாளே "ஒண்ணும் ஆகலீங்க" என்று இன்னொரு தடவை அடிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும். இலையைத் தின்கிற புழுவுக்கு இது மிக நல்ல மருந்து. லிட்டருக்கு ஐம்பது கிராம் வேப்பம்பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்து, பால் நிறம் வரும்வரை பிழிந்து, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெயில் பட்டால் அசாடிராக்டின் சிதைந்துவிடும், ஆகவே சாயங்காலம்தான் அடிக்க வேண்டும். ஆனி, ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்திய கொட்டை அடுத்த மாசி பங்குனிவரை உதவும். அதற்கு மேல் வீரியம் குறையும்.

எண்ணெயும் சோப்பும் அப்படி இல்லை. தொட்ட எதையும் மூச்சடைக்க வைக்கும். பொறிவண்டுப் புழுவென்றும் அசுவினியென்றும் அவற்றுக்குப் பேதம் தெரியாது. அவற்றை வாரந்தோறும் செடி முழுக்கக் குளிப்பாட்டுவது தப்பு. எந்த இலையில் கூட்டம் இருக்கிறதோ அந்த இலையில் மட்டும், அடிப்புறத்தில் அடித்தால் போதும். புகையிலைக் கஷாயத்தை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. இயற்கையில் விளைந்தது என்பதால் நிகோடின் விஷம் இல்லை என்று ஆகிவிடாது. அது தோல் வழியே உடம்பில் ஏறும். அதைக் காய்ச்சி, நாளை பறிக்கப்போகும் தக்காளியில் அடிப்பதற்கு நாம் கடையிலேயே காய் வாங்கியிருக்கலாம்.

காத்திருந்து பயனில்லாத இடங்களும் இருக்கின்றன. வெண்டையில் இலை நரம்பு மஞ்சளித்தால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அந்தச் செடியை அன்றே பிடுங்க வேண்டும். கத்தரிக் கொழுந்து வாடித் தொங்கினால் தண்டுக்குள் இளஞ்சிவப்புப் புழு இருக்கிறது. அது உள்ளே போனபின் எந்தத் தெளிப்பும் அதை எட்டாது, கொழுந்தைக் கிள்ளித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். உழவர்கள் கத்தரிக்கு அத்தனை மருந்து கொட்டுவதும் இந்த ஒரு புழுவுக்காகத்தான், பி.டி. கத்தரி என்ற பெரும் சர்ச்சை கிளம்பி, 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்ததும் இதை ஒட்டித்தான். பத்துச் செடி உள்ள வீட்டில் காலைக் காபியோடு மாடி ஏறுகிறவரின் இரண்டு விரல் அந்த வேலையைச் செய்துவிடும். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். இரண்டும் வெயில் காலத்து ஆட்கள். இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி குறையும். பாகலிலும் புடலையிலும் பிஞ்சிலேயே காகித உறை மாட்டினால் பழ ஈ அண்டாது. வெம்பி விழுந்த காயைத் தொட்டியடியில் அப்படியே கிடக்க விட்டால் அதற்குள்ளிருக்கும் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும்.

அவரை போடுகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது, பந்தலுக்குப் பக்கத்துத் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே தட்டப்பயறு ஊன்றுங்கள் என்றுதான். அசுவினிக்குத் தட்டப்பயறு என்றால் உயிர். முதலில் அங்கே ஏறும். பொறிவண்டும் அங்கேயே வந்து முட்டை வைத்துப் பெருகும். அவரை கொடியேறிப் பூவெடுக்கும் நேரத்தில் ஒரு படை தயாராக இருக்கும். பக்கத்தில் கொஞ்சம் கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விட்டால் தேனுக்காகக் குளவியும் அந்தர ஈயும் தங்கும். போன வாரம் கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, தட்டப்பயறு நுனியெல்லாம் கறுத்து நிற்பதைப் பார்த்துப் பதறிப் போனார்.

"ஐயோ, இதப் புடுங்கிப் போட்ரட்டுங்களா?"

"வேண்டாங்க்கா, அது அவங்களுக்குச் சோறு" என்று சொல்லி, இலையைத் திருப்பி, நிமிர்ந்து நின்ற மஞ்சள் முட்டைகளைக் காட்டினேன். அவர் தன் வீட்டுக்கும் நாலு விதை கேட்டு வாங்கிப் போனார்.