ஏட்டின் மேல் ஏடு

தமிழில் ஏடு என்னும் சொல்லுக்குப் பொருள் பல. எழுதும் பனையோலையும் ஏடு. பூவின் இதழும் ஏடு. காய்ச்சிய பாலின்மேல் படிவதும் ஏடு. கிரேக்க மொழியில் இலையைப் 'பீலோ' என்பர். கோதுமை மாவைப் பிசைந்து, அடியில் விரித்த துணியின் பூவேலை தெரியும் அளவுக்கு மெல்லிதாகத் தேய்த்தெடுக்கும் தாளுக்கும் அவர்கள் அதே பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே பாற்கூழையோ பழத்தையோ வைத்துப் போறணையில் வேகவிட்டு எடுக்கும் இனிப்புகள், மத்தியதரைக் கடலின் கீழ்க்கரை நாடுகள் அனைத்திலும் விருந்துக்குரியவை. அவற்றைச் செய்யும் முறையையும், எனக்கு அதைக் கற்றுத்தந்த மூதாட்டி ஒருவரைப் பற்றியும் வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பண்டத்தைத் தமக்கே உரியதென்று உரிமை கொண்டாடும் இனத்தவர் பலர். 11-ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல் காஷ்கரி தொகுத்த துருக்கிய மொழி அகராதியிலேயே மடித்த மெல்லிய ரொட்டிக்குரிய சொல் ஒன்று காணப்படுகிறது. இஸ்தான்புல் அரண்மனைச் சமையற்கூடங்களில் ஏடுகளின் இடையே கொட்டைப் பருப்பு வைத்துச் செய்த பக்லாவா, ரமலான் மாதத்தின் நடுநாளில் சுல்தானின் காவற்படையினருக்குத் தட்டுத் தட்டாக வழங்கப்பட்டது. 1826-இல் அப்படை கலைக்கப்பட்டபோது அவ்வழக்கமும் நின்றது. 1683-இல் ஒட்டோமானியப் படை வியன்னா மதில்களின் முன்னே தோற்றுத் திரும்பியதை வரலாறு கூறும். அதே வியன்னாவில், 1696-இல் கையால் எழுதப்பட்ட சமையற் குறிப்புத் தொகுப்பு ஒன்றில், மெல்லிய மாவுத் தாளுள் பாலேடு வைத்துச் சுருட்டும் 'ஸ்ட்ரூடல்' இடம்பெற்றிருக்கிறது. இன்று அந்நகரின் ஆப்பிள் ஸ்ட்ரூடலை அறியாதவர் அரிது. மதில்கள் படைகளைத் தடுத்தன. அடுக்களைப் பழக்கங்களோ அவற்றைக் கடந்து சென்றன.

இதற்குச் சான்றாகப் பெயர் ஒன்றையே காட்டலாம். பாற்கூழ் நிறைத்த ஏட்டு இனிப்பைக் கிரேக்கர் 'கலக்தோபூரெக்கோ' என்கின்றனர். 'கலா' என்பது பாலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 'பூரெக்' என்பதோ மாவுத் தாளில் பொதிந்த பண்டத்தைக் குறிக்கும் துருக்கியச் சொல். ஒரே பெயரில் இரு மொழிகளும் கைகோத்து நிற்கின்றன. நான் அதைக் கற்ற இடமோ, அவ்விரு மொழியினரும் நடுவே வேலியிட்டுப் பிரிந்து வாழும் தீவு. திருத்தூதர் பணிகள் நூலில் பர்னபாவின் தாயகமென நாம் வாசிக்கும் சைப்பிரஸ்தான் அது.

2001 முதல் 2006 வரை அத்தீவின் தலைநகரான நிக்கோசியாவில், முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் பணியில் இருந்தேன். அவரை நான் 'யாயா' என்று அழைத்தேன். அங்குப் பாட்டிக்கு வழங்கும் சொல் அதுவே. அவர் என்னை 'மகளே' என்பார். அவருடைய சொந்த ஊர் மேற்கே தோடம்பழத் தோட்டங்களுக்குப் பேர்பெற்ற மொர்பு. 1974 ஆகஸ்டில் துருக்கிப் படை அவ்வூரை நெருங்கியபோது, அடுப்பில் ஏற்றிய பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறியவர் அவர். நானோ 1995 அக்டோபர் 30-ஆம் நாள் வலிகாமத்து மக்களோடு மக்களாக, கையில் ஒரு பையோடு தென்மராட்சி நோக்கி நடந்தவள். கிரேக்க மொழி எனக்கு அப்போது சரிவர வாராது. தமிழ் அவருக்குத் தெரியாது. ஆயினும், வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாமல் இருப்பது எத்தகையது என்பதை எங்களுள் ஒருவர் மற்றவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவருடைய அடுக்களையில் ஒரு மரக்கோல் உண்டு. விரலைவிடச் சற்றே தடிமனாய், ஒரு முழத்துக்கு மேற்பட்ட நீளமாய் இருக்கும். பழைய கோல் மொர்பு வீட்டுச் சுவரிலேயே தங்கிவிட்டதாம். கூடார வாழ்வு முடிந்து ஒரு வீடு கிடைத்ததும், கட்டில் வாங்குவதற்கு முன்னரே தச்சரிடம் சொல்லி இக்கோலைச் செய்வித்ததாகக் கூறுவார். யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த அம்மிக்காக ஏங்கியவளாகிய எனக்கு அது வியப்பாகத் தோன்றவில்லை.

அரைக் கிலோ கோதுமை மாவுக்குச் சிறிது உப்பு, மூன்று கரண்டி எண்ணெய், ஒரு கரண்டி வினாகிரி, இளஞ்சூடான நீர் ஆகியவற்றைச் சேர்த்து, காதுமடல் போல மென்மையாகும்வரை பிசைந்து, ஒரு மணி நேரம் மூடிவைக்க வேண்டும். ஓய்வு பெறாத மா விரிக்க விரிக்கச் சுருங்கும். ஓய்வு பெற்ற மா சொன்னபடி கேட்கும். பின்னர் சிறு உருண்டைகளாக்கி, சோள மாவைத் தூவி, கோலில் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். இவ்வளவு உழைப்புக்கு நேரமில்லாதோர் கடைகளில் உறைநிலையில் விற்கப்படும் ஏடுகளை வாங்கலாம். அவற்றை முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மெல்ல இளகவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. ஏடு காற்றுக்குப் பகை. திறந்து வைத்த சில நிமிடங்களிலேயே அது உலர்ந்து நொறுங்கும். ஆகவே முதலில் ஓர் உலர்ந்த துணியையும், அதன்மேல் நீரில் நனைத்துப் பிழிந்த துணியையும் போர்த்தி, ஒரு நேரத்தில் ஒரே ஏட்டை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். ஈரத்துணி நேரே பட்டால் ஏடு குழைந்துவிடும். வேலை தொடங்குமுன் பாற்கூழ், உருக்கிய நெய், தூரிகை, தட்டு யாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது யாயாவின் கட்டளை. மணி ஒலித்தாலும் வாசலுக்குப் போகலாகாது என்பார்.

பாற்கூழுக்கு ஒரு லீற்றர் பால், 150 கிராம் மெல்லிய ரவை, 200 கிராம் சீனி, நான்கு முட்டை, தேசிக்காய்த் தோலின் துருவல் ஆகியவை போதும். முட்டையையும் சீனியையும் அடித்து ரவையைக் கலந்து, சூடான பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறி, பின்னர் மென்சூட்டில் வைத்துக் கூழ் இறுகும்வரை கைவிடாமல் துழாவ வேண்டும். இறக்கியதும் ஒரு துண்டு வெண்ணெயைச் சேர்த்து ஆறவிட வேண்டும். ஏடுகளுக்கு இடையே பூசுவதற்கு வெண்ணெயைவிட நம் ஊர் நெய்யே சிறந்தது. வெண்ணெயில் உள்ள நீரும் பாற்பொருளும் ஏட்டை நனைத்துக் கருக்கும். தெளிந்த நெய்யில் அவை இல்லை.

தட்டில் நெய் தடவி, ஓரங்கள் வெளியே தொங்குமாறு ஆறு அல்லது ஏழு ஏடுகளைப் பரப்ப வேண்டும். ஒவ்வோர் ஏட்டுக்கும் நெய் பூசியபின் கூழைக் கொட்டிச் சமப்படுத்தி, தொங்கும் ஓரங்களை உள்ளே மடித்து, மேலும் ஆறு ஏடுகளால் மூட வேண்டும். மேலடுக்கை மட்டும் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, கையால் சிறிது நீர் தெளித்து, 170 முதல் 180 பாகை சூட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும். ஏடுகளில் உள்ள ஈரம் ஆவியாகி மேலெழும்போது அவற்றைப் பிரிக்கிறது. இடையே உள்ள நெய் மீண்டும் ஒட்டாமல் காக்கிறது. பொன்னிறமாக அடுக்கடுக்காய் உப்பி நிற்பதன் காரணம் இதுவே.

பாகுக்கு 400 கிராம் சீனியும் கால் லீற்றர் நீரும் சில துளி தேசிப்புளியும் போதும். புளி சேர்ப்பதால் சீனி மீண்டும் கட்டியாகாது. பாகை முன்னரே காய்ச்சி நன்றாக ஆறவைத்து, போறணையிலிருந்து இறக்கிய சூட்டோடு இனிப்பின்மேல் கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும். இரண்டும் சூடாயிருந்தால் மேலேடுகள் கூழாகிவிடும். ஊற்றியபின் மூடி வைத்தலும் ஆகாது. ஆவி நீராகி மொறுமொறுப்பைக் கெடுக்கும்.

தவக்காலத்தில் அவ்வீட்டில் பாலும் முட்டையும் வெண்ணெயும் புழங்குவதில்லை. கிரேக்க மரபுத் திருச்சபையினர் அவ்வொறுத்தலைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பர். அந்நாள்களில் ஏடுகளுக்கு எண்ணெய் பூசி, ஆப்பிளும் உலர்ந்த திராட்சையும் கறுவாவும் சேர்த்த பழப்பூரணத்தை வைத்துச் சுருட்டுவோம். பழத்தைச் சீனியோடு வதக்கிச் சாற்றை வடித்துவிட வேண்டும். அடியேட்டின்மேல் வறுத்த பாண்தூளைத் தூவினால் எஞ்சிய சாற்றையும் அது உறிஞ்சிக்கொள்ளும்.

2003 ஏப்ரல் 23-ஆம் நாள், ஏறத்தாழ 29 ஆண்டுகளாக அடைபட்டிருந்த எல்லைக் கடவை திறக்கப்பட்டது. பல்லாயிரவர் வரிசையில் நின்று மறுபக்கம் சென்றனர். அடுத்த வாரம் யாயாவும் தம் மகனோடு மொர்புவுக்குப் போனார். அவருடைய வீட்டில் வாழ்ந்தவர் ஒரு துருக்கியப் பெண்மணி. அவரும் தெற்கே பாபோஸ் பகுதியில் தம் வீட்டை விட்டு வடக்கே வந்தவராம். இருவரும் முற்றத்தில் அமர்ந்து காப்பி அருந்தினர். விடைபெறும்போது அப்பெண்மணி, யாயாவின் கணவர் நட்ட மரத்திலிருந்து ஒரு பை நிறையத் தோடம்பழங்களைப் பறித்துத் தந்தார். வீடு திரும்பிய யாயா அன்றிரவு யாரோடும் பேசவில்லை. பழங்கள் மூன்று நாள் மேசைமேலேயே இருந்தன. தம் வீட்டுப் பழத்தைப் பிறர் தர வாங்கிவந்த ஒருவரிடம், அதை உண்ணுங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நான்காம் நாள் காலை அவரே என்னை அழைத்து, மீந்திருந்த ஏடுகளை எடுத்துவரச் சொன்னார். அவை முன்னரே காற்றுப்பட்டு உலர்ந்து கிழிந்தவை. எறிந்துவிடத்தக்கவை என்றே எண்ணியிருந்தேன். அவர் அவற்றை இன்னும் உலர்த்தி, துண்டு துண்டாகக் கிழித்தார். நான்கு முட்டை, ஒரு கோப்பை சீனி, ஒரு கோப்பை தயிர், ஒரு கோப்பை எண்ணெய், அப்பச்சோடாத்தூள், அத்தோடம்பழங்களின் தோல் துருவலும் சாறும் ஆகியவற்றைக் கலந்து, கிழிந்த ஏடுகளை அதில் ஊறவிட்டுப் போறணையில் வைத்தார். மேலே தோடம்பழச் சாற்றுப் பாகு. கிரேக்கர் இதனைப் 'போர்தோகலோப்பித்தா' என்பர். முழு ஏட்டால் இதைச் செய்வதில்லை. கிழித்த ஏடே இதற்கு உரியது. வெந்தபின் அதை அறுத்து, முதல் துண்டை எனக்குத் தந்து, "எங்கள் மரம் இன்னும் காய்க்கிறது" என்று மட்டும் சொன்னார். அதன் பின்னரே அவர் அழுதார்.

2005-இல் அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. கோல் பிடிக்க இயலவில்லை. நான் தேய்ப்பேன்; அவர் நாற்காலியில் அமர்ந்து ஏட்டின் ஓரத்தை இரு விரலால் தொட்டுப் பார்த்து, போதும் என்றோ போதாது என்றோ தலையசைப்பார். அவ்வாண்டுக் கோடை விடுமுறைக்கு இங்கிலாந்திலிருந்து பேத்தி வந்தாள். பாட்டியின் இனிப்பைக் கற்க விரும்பினாள். யாயா என்னைச் சுட்டிக்காட்டி, "என் கைகள் இப்போது இவளிடம் இருக்கின்றன, இவளிடம் கேள்" என்றார். மொர்புவிலிருந்து வந்த அக்கைத்திறம், யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தியின் வழியாக அக்குடும்பத்துக்கே திரும்பிச் சென்றது. இன்றும் அந்தப் பேத்தி ஈஸ்டர் தோறும் தான் செய்த தட்டின் படத்தை எனக்கு அனுப்பத் தவறுவதில்லை.

ஊர் திரும்பிய பின் நானும் அவ்வப்போது செய்கிறேன். நம் கடற்காற்றில் ஏடு விரைவில் நமத்துவிடும். ஆகவே, நெய் பூசிய ஏடுகளைச் சிறு கிண்ண அச்சுகளில் வைத்து வெறுமனே வேகவிட்டு, காற்றுப் புகாத பேணியில் பத்திரப்படுத்துகிறேன். விருந்தினர் அமர்ந்த பிறகே அதில் பாற்கூழை இட்டு, கறுத்தக்கொழும்பான் மாம்பழத் துண்டுகளை மேலே வைக்கிறேன். யாயா கண்டால் இதைக் கலக்தோபூரெக்கோ என்று ஒப்பமாட்டார். ஆயினும் இரண்டு விள்ளல்களாவது கேட்டு வாங்கிக்கொள்வார்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்தில் முதியவர் ஒருவரின் கைக்கு மட்டுமே தெரிந்த பலகாரம் ஏதேனும் இருக்கும். கொக்கிசோ, பாலப்பமோ, பனங்காய்ப் பணியாரமோ, எதுவாயினும் ஆகுக. அளவைத் தாளில் எழுதிக்கொள்வதோடு நின்றுவிடாதீர்கள். அவர் அருகே அமர்ந்து, மாவு எப்போது போதும் என்பதை அவர் விரலிலிருந்தே கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் உடன் இருத்துங்கள். வீட்டையும் வளவையும் விட்டு ஓட நேர்ந்த எங்களிருவருக்கும் கடைசிவரை எவராலும் பறிக்க முடியாமல் எஞ்சியது அந்தக் கல்வி ஒன்றே.