கூரம் போனோம்... கயிறு கட்டித் திரும்பினோம்!

அக்கா கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தோம். பகல் முழுக்கக் கடைகளிலேயே போய்விட்டது. "இவ்வளவு தூரம் வந்துட்டு கூரம் பார்க்காமப் போறதா?" என்று அப்பா கேட்க, சாயங்காலம் வண்டியைத் திருப்பினேன். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம்தான். அதனால் ஸ்டியரிங் என் கையில்.

காஞ்சிபுரத்திலிருந்து வடமேற்கே சுமார் 10 கிலோமீட்டர். ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் இது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் சேவித்துவிட்டு, அடுத்து பல்லவர் கால சிவன் கோயில் என்பது திட்டம். முதலாம் பரமேஸ்வரவர்மன் காலத்துக் கோயில், 7-ஆம் நூற்றாண்டு. கருவறையின் பின்பக்கம் வளைந்து, படுத்திருக்கும் யானை போல இருப்பதால் இந்த அமைப்புக்குத் 'தூங்கானை மாடம்' என்று பெயர். இங்கே கிடைத்த செப்பேட்டில், மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு செய்ததும், ஊருக்கு ஏரி வெட்டியதும், பாலாற்றிலிருந்து கால்வாய் கொண்டுவந்ததும் எழுதியிருக்கிறது. இதையெல்லாம் படித்துவிட்டு ஆசையாகப் போனவள் நான்.

பாதி வழியில் கார் நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினால் 'கிர்ர்' என்றது. அவ்வளவுதான். அப்பா இறங்கித் தள்ளப் போக, அம்மா போட்ட அதட்டலில் மறுபடி உள்ளே உட்கார்ந்தார். இருட்ட ஆரம்பித்தது. பின்சீட்டில் அம்மா புடவைப் பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

கூரத்தாழ்வான் பெரிய செல்வந்தராம். எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு மனைவி ஆண்டாளோடு ஸ்ரீரங்கத்துக்கு நடந்தபோது, காட்டு வழியில் அந்த அம்மாள் "பயமா இருக்கு" என்றாராம். "மடியில் கனம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார் கணவர். கணவர் சாப்பிடுவதற்காக ஒரு தங்க வட்டிலை மட்டும் அந்த அம்மாள் எடுத்து வந்திருந்தார். அதை வாங்கி வீசி எறிந்தாராம். அப்பா இந்தக் கதையைச் சொல்லி முடித்து அம்மாவின் மடியைப் பார்த்தார். "என்ன ஆனாலும் பையைத் தர மாட்டேன்" என்றார் அம்மா!

முதலில் நின்றது ஒரு குட்டியானை. "என் வண்டி காலியா இருக்கும்மா. உங்க காரை இழுத்தா என் டயர்தான் சும்மா சுத்தும்" என்ற அந்தத் தம்பி, போன் போட்டு அரிசி மூட்டை ஏற்றிய பெரிய பிக்கப் ஒன்றை வரவழைத்தார்.

பிக்கப் அண்ணன் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "கொக்கி எங்க பாப்பா?" நான் விழித்தேன். டிக்கியில் ஜாக்கியோடு ஒரு இரும்பு வளையம் இருந்தது. முன் பம்பரில் சின்ன மூடியைக் கழற்றினால் மரை. அதில் வளையத்தைத் திருகி முடுக்க வேண்டும். மூன்று வருடமாக ஓட்டுகிறேன், அந்த மூடி எதற்கென்று எனக்குத் தெரியாது. பம்பரிலேயே கயிறு கட்டினால் பம்பர் மட்டும்தான் வருமாம். கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார், குறுக்கே யாரும் புகாமல் இருக்க.

அப்புறம்தான் பாடம். "இழுக்கிறதுதான் நான். ஓட்டுறது நீ."

சாவியை எடுக்கக் கூடாது, எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கியர் நியூட்ரல். நான்கு இண்டிகேட்டரும் எரிய வேண்டும். "இன்ஜின் ஓடாததால பிரேக் ரெண்டு மூணு தடவைதான் சுலபமா பிடிக்கும். அப்புறம் கல்லு மாதிரி ஆயிடும். முழு பலத்தோட மிதி." அவர் நெசவுக் குடும்பம்; சில வருடம் முன்புவரை தறியில் உட்கார்ந்தவர். "பாவு விறைப்பா இருக்கணும்ல, அதேதான் கயிறும். தொய்ஞ்சு திடீர்னு விறைச்சா அறுந்துடும். நான் வேகம் குறைச்சா நீ லேசா பிரேக் மிதிச்சுக் கயிறைப் பிடிச்சுக்கோ."

20 கிலோமீட்டர் வேகம் இவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. முன்னால் அரிசி மூட்டைகள், நடுவில் சிவப்புத் துணி, வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு திருப்பத்தில் மாடு குறுக்கே வர, பிக்கப்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. மிதித்தேன். பெடல் இறங்கவில்லை. சீட்டில் முதுகை அழுத்தி, இரண்டு காலாலும் மிதித்தேன். ஒரு முழம் இடைவெளியில் கார் நின்றது. பின்சீட்டில் பேச்சே இல்லை. அப்பாவின் கை என் தோளில் இருந்தது. எப்போது வைத்தார் என்று தெரியவில்லை.

காஞ்சிபுரம் எல்லையில் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்து சேர அரை மணி நேரத்துக்கும் மேல் ஆனது. கோளாறு ஃப்யூல் பம்பில். அண்ணன் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு, கயிற்றைச் சுருட்டியபடி அப்பாவிடம், "பாப்பா நல்லா புடிச்சுது சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து விதிகளைப் பார்த்தேன். இரு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும். பின்னால் 'ஆன் டோ' என்று எழுதி வைக்க வேண்டும். நாங்கள் எழுதி வைக்கவில்லை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியையும் மின்சாரக் காரையும் இப்படிக் கயிறு கட்டி இழுக்கவே கூடாது, தூக்கி ஏற்றிச் செல்லும் லாரிதான் வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-க்குக் கூப்பிடலாம்.

சிவன் கோயிலை இன்னும் பார்க்கவில்லை. கல்யாணம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்புவதாக இருக்கிறோம். டிக்கியில் அந்த இரும்பு வளையம் எங்கே இருக்கிறது என்பது இப்போது அம்மாவுக்கும் தெரியும்.