இறங்கும் வழி



கன்மலை என்னும் சொல்லை நாம் ஜெபத்திலும் பாடலிலும் இடைவிடாமல் உச்சரிக்கிறோம். அச்சொல்லின் முழு உருவத்தை நான் கண்டது யோர்தான் நாட்டின் தெற்கிலுள்ள வாடி ரம் பாலைவனத்தில்தான். சில ஆண்டுகளுக்கு முன் புனித பூமிப் பயணத்தில், பெட்ராவிலிருந்து அக்காபாவுக்குச் செல்லும் வழியில், எங்கள் குழு அரைநாள் அங்கே தங்கியது. சிவந்த மணலிலிருந்து மணற்பாறை மலைகள் செங்குத்தாக எழும்பி நிற்கின்றன. அவற்றுள் ஜெபல் ரம் 1,700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. கீழே பயணிகளின் ஜீப்புகள் ஓடுகின்றன. மலைகளின் மேலே மனித நடமாட்டம் அரிது.

அங்கே ஏறும் சிலரைக் குறித்து எங்கள் வண்டியை ஓட்டிய பெதூயின் முதியவர் சொன்னது என் உள்ளத்தில் தங்கிவிட்டது. காலையில் ஏறுகிறவர்களைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. பொழுது சாயும்போதும் உச்சியில் நிற்கிறவர்களைப் பற்றியே கவலை என்றார்.

ஊர் திரும்பியபின் அம்மலைகளைப் பற்றித் தேடிப் படித்தேன். வரையாடுகளை வேட்டையாடிய பெதூயின் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கயிறின்றியே அப்பாறைகளில் ஏறியிருக்கின்றனர். 1952-இல் ஷேக் ஹம்தான் என்பவர் பிரிட்டனிலிருந்து வந்த இரண்டு பெண்களை ஜெபல் ரம்மின் உச்சிக்கு அழைத்துச் சென்றார். 1984-இல் டோனி ஹோவர்ட் என்னும் ஆங்கிலேய மலையேறி தம் தோழர்களுடன் வந்து, வேடர்கள் அறிந்திருந்த வழிகளையும் புதிய வழிகளையும் நூலாக்கினார். அதன்பின்னரே உலகின் மலையேறிகள் அங்கே வரத் தொடங்கினர்.

ஏறுகிறவனுக்குப் பிடிமானங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. இறங்குகிறவனோ காணாத இடத்தைக் காலால் துழாவ வேண்டும். உச்சியில் உருண்ட குன்றுகளும் பிளவுகளும் ஒன்றுபோலவே தோன்றுவதால், முன்சென்றோர் அடுக்கிய சிறு கற்குவியல்களே வழி காட்டுகின்றன. செங்குத்தான இடங்களில் கயிற்றை இரட்டையாகத் தொங்கவிட்டு இறங்குவர். பின்பு ஒரு முனையை இழுத்து அதனைக் கீழே எடுத்துக்கொள்வர். இழுத்தபின் ஏறிவந்த இடத்துக்குத் திரும்ப இயலாது. கயிறு பிளவில் சிக்கினால் இரவு முழுதும் பாறையிலேயே கழியக்கூடும். கைகால்களால் பற்றி இறங்கும் இடங்களிலோ அனுபவம் குறைந்தவர் முதலில் இறங்குவார். மேலே இருப்பவர் அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொள்வார். தேர்ந்தவர் கடைசியில் வருவார். அவருக்கு மேலே கயிறு பிடிக்க எவரும் இல்லை.

பிரியமானவர்களே, பதவி உயர்வுக்கும் புதுவீட்டுக்கும் நாம் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறோம். ஆனால் ஓய்வுபெற்ற மறுநாள் காலையில் எங்கும் செல்ல வேண்டியிராத ஆசிரியைக்காக ஜெபித்தோமா? கடைச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்ட தகப்பனுக்காக? இருபது ஆண்டுகள் நடத்திய பாடகர் குழுவை இளையவரிடம் விட்டவருக்காக? நானும் ஐம்பதுகளில் இருக்கிறேன். இந்தப் பிரசங்கபீடத்தையும் ஒருநாள் மற்றொருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மறுரூப மலையில் பேதுரு கூடாரங்கள் போட விரும்பினார். ஆண்டவரோ மறுநாள் சீஷர்களைக் கீழே அழைத்து வந்தார். அடிவாரத்தில் ஒரு தகப்பன் தன் ஒரே மகனின் வேதனையோடு காத்திருந்தான். உச்சியிலேயே தங்கியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் உதவியிருப்பார்?

ஆகவே, பொறுப்பில் உள்ளோர் பொழுது சாயுமுன் இறங்கும் வழியைப் பார்த்து வையுங்கள். கணக்குகளையும் சாவிகளையும் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுங்கள். அவர் தடுமாறும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டிருங்கள். இளையோரே, கடைசியாக இறங்கி வருகிறவர்களை மறவாதீர்கள். இந்த வாரம் அவர்களில் ஒருவருடைய வீட்டுக்குச் சென்று, சற்றுநேரம் அமர்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

நம்மை ஏறச் செய்த தேவன் இறங்கும்போதும் நம்மைத் தாங்குவாராக. ஆமென்.